இரட்டிப்புக் கணக்கு உதைக்கிறதா? தப்பு விடையை வைத்தே பிழையைப் பிடிக்கலாம்

திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள் செட்டிநாட்டு வீடுகளில் பிள்ளையார் நோன்பு. 21 நூலிழையைத் திரித்து, மாவில் வைத்து ஏற்றி, இழை எடுத்துக்கொள்வார்கள். அந்த 21 நாளை வைத்து ஒரு கணக்கு. முதல் நாள் உண்டியலில் 1 ரூபாய், மறுநாள் 2, அதற்கடுத்த நாள் 4, இப்படி நாளுக்கு நாள் இரட்டி. 21ஆம் நாள் போட வேண்டியது எவ்வளவு?

விடை 10,48,576 ரூபாய். ஆனால் இதைப் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு 42, 441, 22, 20,97,152, 20,97,151 என்று விதவிதமாக வரும். இவற்றில் எதுவும் கண்டபடி வந்த எண் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குறிப்பிட்ட பிழை இருக்கிறது. அதனால் கணக்கை முதலிலிருந்து திரும்பப் போடாமல், வந்த விடையை உற்றுப் பாருங்கள். எங்கே வழி தப்பியது என்று அதுவே சொல்லிவிடும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த ஒரு வாய்பாடுதான்:

இறுதித் தொகை = தொடக்கத் தொகை × 2^தடவை

இதில் 2 அடிமானம், ^ குறிக்குப் பின்னால் நிற்பது அடுக்கு. பள்ளிப் புத்தகத்தில் 2²⁰ என்று மேலே சின்னதாக எழுதுவதும் இதுதான். ‘தடவை’ என்பது எத்தனை முறை இரட்டித்தோம் என்ற எண்ணிக்கை. அதை நாள் எண்ணிக்கையோடும் மாத எண்ணிக்கையோடும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சிக்கல் பிறக்கிறது.

விடை சரியாக இரண்டு மடங்கு கூடுதலாக, அல்லது பாதியாக வருகிறது

20,97,152 என்று வந்தால் 21 தடவை இரட்டித்திருக்கிறீர்கள். 5,24,288 என்று வந்தால் 19 தடவை. முதல் நாள் போட்ட 1 ரூபாயை யாரும் இரட்டிக்கவில்லை, அது தொடக்கம். இரண்டாம் நாள்தான் முதல் இரட்டிப்பு. 21 நாளுக்கு இடையில் 20 இடைவெளிதான் உண்டு. முற்றத்தைச் சுற்றி வரிசையாக நிற்கும் தூண்களை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பக்கத்தில் 6 தூண் இருந்தால் நடுவில் 5 இடைவெளி.

தடவையை எண்ணுவதற்கு முன் கேள்வியை இன்னொரு முறை படியுங்கள். ‘21ஆம் நாளில்’ என்றால் அடுக்கு 20. ‘21 நாள் கழித்து’ என்றால் தொடங்கிய நாளைத் தள்ளிவிட்டு எண்ண வேண்டும், அடுக்கு 21. ஒரு சொல் மாறினால் விடை இரண்டு மடங்காகிறது. கூட்டல் கணக்கில் ஒன்று பிசகினால் விடை கொஞ்சம்தான் நகரும், இதில் பாதி போய்விடும். நாளைக் குறித்த கேள்வியில் சந்தேகம் இருந்தால் 3 நாளுக்கு விரல்விட்டுப் பாருங்கள்: 1, 2, 4. மூன்றாம் நாள் 4, அதாவது 2². நாளில் ஒன்று குறைத்தது அடுக்கு. இந்தச் சின்னச் சோதனைக்குப் பத்து விநாடி போதும்.

இதையொட்டி ஊரணிக் கணக்கு ஒன்று. ஊரணியில் ஆகாயத்தாமரை நாளுக்கு நாள் இரட்டிக்கிறது, 30ஆம் நாள் ஊரணி முழுக்க மூடிவிடுகிறது. பாதி மூடியது என்றைக்கு? 15ஆம் நாள் என்று வாய் தானாகச் சொல்லும். 29ஆம் நாள்தான் பாதி. 15ஆம் நாளில் மூடியிருந்தது ஊரணியில் 32,768-இல் ஒரு பங்கு. கரையில் நின்று பார்த்தால் கண்ணில் படுமா என்பதே சந்தேகம்.

விடை ரொம்பச் சின்னது: 40, 42, 400, 441

40-உம் 42-உம் 2-ஐப் பெருக்கியதால் வந்தவை (2 × 20, 2 × 21). 400-உம் 441-உம் எண்ணை வர்க்கம் செய்ததால் வந்தவை (20², 21²). அடிமானமும் அடுக்கும் இடம் மாறிவிட்டன. 2²⁰ என்றால் இரண்டை இருபது தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்குவது. 20² என்றால் இருபதை இரண்டு தடவை எழுதிப் பெருக்குவது.

இந்தப் பிழை பிடிபடாமல் தப்பிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பெரும்பாலோர் வாய்பாட்டைச் சோதிக்க 2 அல்லது 4 போட்டுப் பார்க்கிறார்கள். அந்த இரண்டும் ஏமாற்றும் எண்கள். 2-க்குப் பெருக்கினாலும் 4, வர்க்கம் செய்தாலும் 4, இரட்டித்தாலும் 4. 4-க்கு வர்க்கமும் 16, 2⁴-உம் 16. சோதிப்பதென்றால் 5 போடுங்கள்: பெருக்கினால் 10, வர்க்கம் 25, இரட்டிப்பு 32. மூன்றும் வெவ்வேறு, எது எது என்று உடனே தெரிந்துவிடும்.

விடை ஒற்றைப்படையில் முடிகிறது

20,97,151 என்று வந்தால் அது 21ஆம் நாள் தொகை அல்ல, 21 நாளும் உண்டியலில் விழுந்த மொத்தம். 1-இல் தொடங்கினால் எந்த நாள் வரைக்குமான மொத்தமும் அடுத்த நாள் தொகையைவிட ஒன்று குறைவு: 1+2+4 = 7, அடுத்தது 8. எனவே மொத்தம் = 2^21 − 1. இரண்டின் அடுக்கு (2⁰ தவிர) ஒருபோதும் ஒற்றைப்படையாக வராது. 1 ரூபாய்க் கணக்கில் ஒற்றைப்படை வந்தால் கேட்டதை விட்டுவிட்டு மொத்தத்தைப் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் எக்செல்லில் இதே எண் வேறு வழியிலும் வரும், அதுதான் மோசமானது. நாளில் ஒன்று குறைக்க வேண்டும் என்று தெரிந்து, அடைப்புக்குறி போடாமல் விட்டால்:

=2^நாள்-1

(‘நாள்’ என்ற இடத்தில் உங்கள் கட்டத்தின் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.) எக்செல் அடுக்கை முதலில் போட்டு, பிறகு ஒன்றைக் கழிக்கும். 21-க்கு 20,97,151 வந்து நிற்கும். சரியான எழுத்து இது:

=2^(நாள்-1)

மொத்தம் கேட்டவருக்கு அடைப்புக்குறி இல்லாத வாய்பாடு தற்செயலாகச் சரியாக இருக்கும், 21ஆம் நாள் தொகை கேட்டவருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு தப்பாக இருக்கும். அதையே நகலெடுத்து இன்னொரு தாளில் ஒட்டும்போதுதான் வில்லங்கம்.

தொடக்கம் 1 இல்லாமல் 5 ரூபாய் என்றால் மொத்தம் 5 × (2^21 − 1) = 1,04,85,755. ஒன்றைக் கழித்த பிறகுதான் ஐந்தால் பெருக்க வேண்டும். 1,04,85,759 வந்தால் வரிசை மாறிவிட்டது. நாலு ரூபாய் வித்தியாசம்தான், யாருக்கும் கண்ணில் படாது, ஐந்தொகை மட்டும் உதைத்துக்கொண்டே இருக்கும்.

1-க்குப் பின்னால் வெறும் சுழியமாக வருகிறது

5 ரூபாயில் தொடங்கி 20 தடவை இரட்டித்தால் 5 × 2²⁰ = 52,42,880. அதற்குப் பதிலாக 1-ஐத் தொடர்ந்து 20 சுழியம், அதாவது பத்து லட்சம் கோடி கோடி வருகிறதென்றால் (5 × 2)²⁰ என்று போட்டிருக்கிறீர்கள். அடுக்கு 2-க்கு மட்டும்தான். தொடக்கத் தொகை ஒரே ஒரு தடவைதான் பெருக்கலில் கலந்துகொள்ளும்.

இன்னொரு சோதனை: 2-இன் அடுக்கு எதுவும் 0-இல் முடியாது. கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்றே சுற்றிச் சுற்றி வரும். அடுக்கை 4-ஆல் வகுத்து மீதி 1 என்றால் 2, மீதி 2 என்றால் 4, மீதி 3 என்றால் 8, மீதி இல்லையென்றால் 6. 20-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி இல்லை, 10,48,576 ஆறில் முடிகிறது. பொருந்துகிறது.

கால்குலேட்டரில் = அமுக்க அமுக்க எண் மாறவில்லை, அல்லது ஐந்து ஐந்தாகப் பெருகுகிறது

கடை மேசையில் இருக்கும் சாதாரணக் கால்குலேட்டரில் அடுக்குப் பொத்தான் இருக்காது. ஆனாலும் இரட்டிப்புக்கு அது நன்றாகவே உதவும், அதன் குணம் தெரிந்தால். முதலில் இதை அமுக்கிப் பாருங்கள்: 2 × 5 = = =

10, 20, 40 என்று வந்தால் உங்கள் கருவி முதல் எண்ணைப் பிடித்துக்கொள்கிறது. இந்த வரிசையே போதும். 10, 50, 250 என்று வந்தால் இரண்டாவது எண்ணைப் பிடித்துக்கொள்கிறது, அதனால் வரிசையை மாற்றி 5 × 2 = = = என்று அமுக்குங்கள். 10-இலேயே நின்றுவிட்டால் பெருக்கல் குறியை இரண்டு தடவை அமுக்க வேண்டிய வகை: 2 × × 5 = = =. இந்த வகையில் திரை ஓரத்தில் சின்னதாக ஒரு குறி விழும். அது இருக்கும்வரை 2 பிடிபட்டிருக்கிறது.

இப்படித் தொடக்கத் தொகையையும் சேர்த்து அமுக்கினால் = எத்தனை தடவை அமுக்கினீர்களோ அத்தனை தடவை இரட்டிப்பு. சிலர் 2 × = = = என்று அமுக்குவார்கள். அதில் முதல் = அமுக்கும்போதே 4 வந்துவிடும், 2²⁰-க்கு 19 தடவைதான் அமுக்க வேண்டும். எண்ணிக்கை தப்புவது பெரும்பாலும் இங்கேதான். அதனால் தொடக்கம் 1 ஆனாலும் அந்த 1-ஐயும் சேர்த்தே அமுக்குங்கள்.

அமுக்கிக்கொண்டிருக்கும்போது யாராவது ‘அண்ணே, ஒரு கிலோ துவரம்பருப்பு’ என்று கேட்டுவிட்டால் எண்ணிக்கை போயிற்று. பத்தாவது தடவை 1,024, இருபதாவது தடவை 10,48,576. 1-இல் தொடங்கியிருந்தால் இந்த இரண்டு மைல்கல்லையும் வைத்து விட்ட இடத்தைப் பிடித்துவிடலாம்.

திரையில் ‘ஈ’ விழுகிறது

ஆங்கில ‘ஈ’ (E) எழுத்து இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் பேசும். 12 இலக்கக் கடைக் கால்குலேட்டரில் அது ‘இடம் போதவில்லை’ என்ற பிழைக்குறி. 1-இல் தொடங்கினால் 39ஆம் இரட்டிப்பு 5,49,75,58,13,888, சரியாகப் பன்னிரண்டு இலக்கம். நாற்பதாவதில் திரை நிரம்பி வழியும். 8 இலக்கக் கருவியானால் 26ஆம் இரட்டிப்போடு (6,71,08,864) முடிந்தது. பிழைக்குறியோடு 1.0995 என்பது போல ஏதாவது தெரிந்தால் அதை ரூபாயாகப் படித்துவிடாதீர்கள்.

அறிவியல் கால்குலேட்டரிலும் கைபேசியிலும் எக்செல்லிலும் அதே ‘ஈ’ பிழையல்ல. 1.0995ஈ+12 என்றால் 1.0995-ஐ 10¹²-ஆல் பெருக்கு என்று பொருள், சுமார் 1,09,951 கோடி. புள்ளியை வலப்பக்கம் 12 இடம் நகர்த்தினால் ஆயிற்று.

காற்புள்ளியும் காலை வாரும். கருவி 1,048,576 என்று மூன்று மூன்றாகப் பிரித்துக் காட்டினால் அது 10,48,576, பத்து லட்சத்துச் சொச்சம். கேட்டவரிடம் சொல்வதற்கு முன் வலப்பக்கத்திலிருந்து மூன்று, இரண்டு, இரண்டு என்று ஒரு தடவை பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

எக்செல்லில் கடைசி இலக்கங்கள் சுழியமாகின்றன

2⁵⁰ உண்மையில் 1,12,58,99,90,68,42,624. எக்செல் காட்டுவது 1125899906842620. கடைசி 4 காணாமல் போய் 0 வந்திருக்கிறது. மேலே சொன்னபடி 2-இன் அடுக்கு 0-இல் முடியாது, அதுவே அறிகுறி. எக்செல் 15 இலக்கம் வரைதான் காட்டும், அதற்குமேல் சுழியத்தால் நிரப்பிவிடும். 2⁴⁹ வரை பயமில்லை, அதில் 15 இலக்கம்தான். சதுரங்கப் பலகையின் 64ஆம் கட்டத்துக்கு அரிசி எண்ணுகிறவர்களுக்கு 9223372036854775808 வர வேண்டும், எக்செல்லில் 9223372036854780000 என்று நிற்கும். கட்டத்தின் வடிவத்தை மாற்றினாலும் அகலத்தைக் கூட்டினாலும் திரும்பாது. கடைசி இலக்கம் வரை வேண்டுமென்றால் பைத்தான் என்ற நிரல்மொழிக்குப் போய்விடுங்கள்.

##### தெரிந்தால் அது வேறு, நெடுவரிசையின் அகலம் போதவில்லை, அவ்வளவுதான். 2^20 என்று எழுத்தாகவே நின்றால் முன்னால் = போடவில்லை.

கணினி நிரலில் 2^20 கொடுத்தால் 22 வருகிறது

பைத்தான், சி, ஜாவா மூன்றிலும் ^ அடுக்குக்குறி அல்ல. அது இரும எண்களின் இலக்கங்களை ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் 1 போடும் குறி. 20 இருமத்தில் 10100, 2 என்பது 00010, இரண்டும் வேறுபடும் இடங்களில் 1 போட்டால் 10110, அதாவது 22. பார்ப்பதற்கு 20-ஐயும் 2-ஐயும் கூட்டியது போல் இருப்பதால் கூட்டல் பிழை என்று நினைத்து வேறு இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள். 10-க்குப் போட்டால் 8 வரும், கழித்தது போல் இருக்கும். எக்செல்லில் பழகிய கைக்கு இந்தத் தடுமாற்றம் கட்டாயம் ஒரு தடவை வரும். பைத்தானில் 2**20 என்று நட்சத்திரக் குறியை இரண்டு தடவை போடுங்கள்.

ஜாவாவில் விடை திடீரென்று கழித்தல் குறியோடு வந்தால் அது 32 பிட் இடத்தில் நிரம்பி வழிந்தது. 30 தடவை வரை ஒழுங்காக 1,07,37,41,824 என்று வரும். 31ஆவது தடவை −2,14,74,83,648. 32ஆவது தடவை 0, அதற்குப் பிறகு எத்தனை தடவை இரட்டித்தாலும் 0-தான். மாறியை 64 பிட் வகையாக அறிவித்தால் 62 தடவை வரை தாங்கும். பைத்தானின் முழு எண்ணுக்கு இந்தச் சிக்கலே இல்லை.

துண்டு துண்டாகப் பெருக்கினால் விடை கூடிவரவில்லை

தாளில் போடுகிறவர்கள் 20 தடவை இரட்டிக்கத் தேவையில்லை. 2, 4, 16, 256, 65,536: ஒவ்வொன்றும் முந்தியதன் வர்க்கம், அடுக்குகள் 1, 2, 4, 8, 16. 20 என்பது 16 + 4, எனவே 65,536 × 16 = 10,48,576. மொத்தம் ஐந்தே பெருக்கல்தான்.

இதில் 65,552 வந்தால் பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருக்கிறீர்கள். கூட்டுவது அடுக்குகளை, பெருக்குவது எண்களை. 2¹⁰ + 2¹⁰ என்பது 2²⁰ அல்ல, 1,024 + 1,024 = 2,048, அதாவது 2¹¹. 2¹⁰ × 2¹⁰-தான் 2²⁰. அடுக்குகளையும் பெருக்கி 2¹⁰⁰ ஆக்கிவிடுகிறவர்களும் உண்டு. அது 31 இலக்க எண்.

மனக்கணக்குக்கு 2¹⁰-ஐ ஆயிரம் என்று வைத்துக்கொள்ளலாம். 2²⁰ பத்து லட்சம், 2³⁰ நூறு கோடி. ஒவ்வொரு பத்துக்கும் சுமார் 2.4% குறைவாகச் சொல்கிறோம், சேர்ந்துகொண்டே போகும். 2³⁰-இல் 7 கோடிக்கு மேல் விட்டுப்போயிருக்கும். விடைக்கு எத்தனை இலக்கம் வர வேண்டும் என்று மட்டும் தெரிய வேண்டுமானால் அடுக்கை 0.30103-ஆல் பெருக்கி, தசமத்தை வெட்டிவிட்டு, ஒன்றைக் கூட்டுங்கள். 20-க்கு 6.02, எனவே 7 இலக்கம்.

முதல் எப்போது இரட்டிக்கும் என்பதில் ஆளுக்கொரு விடை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ‘நூத்துக்கு ரெண்டு வட்டி’ என்றால் 100 ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு லட்சம் எப்போது இரண்டு லட்சமாகும் என்று கேட்டால் ஒருவர் 50 மாதம் என்பார், இன்னொருவர் 36 என்பார், மூன்றாமவர் 35 என்பார். மூன்று பேரும் கணக்குத் தெரிந்தவர்கள்தான். வட்டி எப்போது முதலோடு சேருகிறது என்பதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

வட்டி முதலோடு சேராமல் தனியாக நின்றால் அது பெருக்கலே இல்லை, கூட்டல். மாதம் 2,000 வீதம் 50 மாதத்தில் ஒரு லட்சம் வட்டி. இங்கே அடுக்குக்கே வேலை இல்லை. வெளிநாடுகளில் கொண்டுவிற்ற (கடல் கடந்து போய்த் தொழில் செய்த) காலத்துப் பேரேடுகளில் தவணை என்று ஒன்று உண்டு: தவணை முடிந்ததும் அதுவரைக்குமான வட்டி முதலோடு சேர்ந்து, அடுத்த தவணைக்கு அதுவே முதல். அங்கேதான் அடுக்கு உள்ளே வருகிறது. ஒரு லட்சத்துக்கு மாதம் 2 வட்டியில் 36 மாத முடிவில் என்ன இருக்கும் என்று பாருங்கள்:

சேர்க்கவே இல்லையென்றால் 1,72,000. வருடத்துக்கு ஒருமுறை சேர்த்தால் 1,90,662. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சேர்த்தால் 1,97,382. மாதாமாதம் சேர்த்தால் 2,03,989.

மாதாமாதம் சேர்ப்பதில் 35 மாத முடிவிலேயே 1,99,989 வந்துவிடும், இரண்டு லட்சத்துக்குப் பதினோரு ரூபாய் குறைவு. 35 என்று சொன்னவர் இதைத்தான் சொன்னார். 36 என்றவர் 72-ஐ வட்டி வீதத்தால் வகுத்தவர். அது நல்ல குறுக்குவழி, தோராயமானது. குறுக்குவழியில் அடிக்கடி விழும் பிழை, மாத வட்டியைப் போட்டுவிட்டு விடையை வருடமாகப் படிப்பது. 72 ÷ 2 = 36 என்றால் 36 மாதம். வருட வட்டியைப் போட்டால்தான் வருடம் வரும்.

அஞ்சலகக் கிசான் விகாஸ் பத்திரம் இதைச் சரிபார்க்க நல்ல உதாரணம். 2023 ஏப்ரலிலிருந்து அதற்கு ஆண்டுக்கு 7.5% கூட்டுவட்டி, 115 மாதத்தில் பணம் இரட்டிக்கும் என்று அறிவித்தார்கள். 72 ÷ 7.5 = 9.6 வருடம், 115.2 மாதம். ஒட்டிப்போகிறது.

தடவை முழு எண்ணாக இல்லை

6 வருடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஒரு லட்சம், 9 வருடத்தில் எவ்வளவு? 6 வருடத்தில் 2 லட்சம், 12 வருடத்தில் 4 லட்சம், அதனால் நடுவில் 3 லட்சம் என்று எழுதினால் தப்பு. தடவை 9 ÷ 6 = 1.5. விடை 2^1.5 = 2.828, அதாவது 2,82,843. பாதித் தடவைக்கு 1.5 மடங்கு அல்ல, 1.4142 மடங்குதான், அதை இரண்டு முறை செய்தால்தான் சரியாக 2 வரும். சாதாரணக் கால்குலேட்டரில் 2 போட்டு √ அமுக்கினால் பாதித் தடவை கிடைக்கும், இன்னொரு முறை √ அமுக்கினால் கால் தடவை, 1.1892.

0 தடவை இரட்டித்தால் 0 என்று எழுதுவதும் இந்த வகைதான். இரட்டிக்கவே இல்லையென்றால் வைத்த பணம் வைத்தபடி இருக்கிறது; 2⁰ = 1. அதற்கும் கீழே போனால் பயப்பட வேண்டாம், நம் பாட்டிமார் சொன்ன சொற்கள்தான்: 2⁻¹ அரை, 2⁻² கால், 2⁻³ அரைக்கால், 2⁻⁴ வீசம். அடுக்கில் கழித்தல் குறி வந்தால் விடையில் கழித்தல் குறி வராது. −8 என்று வந்திருந்தால் அது அரைக்காலாக இருக்க வேண்டும்.

சங்கிலி நடுவில் அறுந்துவிடுகிறது

பழைய முகத்தல் அளவையை அடுக்காக எழுதிப் பார்க்கிறவர்களுக்கு இது நேரும். 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி. இதுவரை ஆழாக்குக் கணக்கில் 2, 4, 8. அப்புறம் 8 நாழி ஒரு குறுணி, அது 2⁶. 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி: 2⁷, 2⁸. தூணி 256 ஆழாக்கு. அடுத்த படியில் கலம் 512 என்று எழுதினால் உதைக்கும். 3 தூணிதான் ஒரு கலம், 768 ஆழாக்கு. வரிசையில் ஒரே ஒரு பெருக்கி 2-இன் அடுக்காக இல்லாவிட்டாலும் அந்த இடத்தோடு 2^தடவை நின்றுவிடும். அங்கிருந்து 3 × 2⁸ என்று தனியாகத் தொடர வேண்டும்.

அறையை இரட்டித்தேன், கல் பாதித் தரைக்குத்தான் வந்தது

10 அங்குல ஆத்தங்குடிக் கல். 10 அடிக்கு 10 அடி அறைக்கு ஒரு பக்கம் 12 கல், மொத்தம் 144, சேதாரம் தனி. 20 அடிக்கு 20 அடி பெரிய அறைக்கு ‘இரட்டி’ என்று 288 சொன்னால் பாதித் தரை காலியாக நிற்கும். நீளமும் இரட்டிக்கிறது, அகலமும் இரட்டிக்கிறது, வேண்டியது 576. இங்கே அடிமானம் 2 அல்ல, 4. இன்னொரு தடவை இரட்டித்து 40 அடிக்கு 40 அடி ஆக்கினால் 144 × 4² = 2,304. தொட்டிக்குத் தண்ணீர் என்றால் ஆழமும் சேர்ந்து அடிமானம் 8 ஆகும்.

எத்தனை தடவையில் எட்டும் என்பதில் ஒன்று குறைகிறது

1 ரூபாய் எத்தனை இரட்டிப்பில் ஒரு கோடியைத் தொடும்? ஒரு கோடியில் 7 சுழியம். அந்த 7-ஐ 0.30103-ஆல் வகுத்தால் 23.25. அதை 23 ஆக்கக் கூடாது, 2²³ வெறும் 83,88,608. மேல்நோக்கி 24 ஆக்க வேண்டும், 1,67,77,216. உண்டியல் கணக்கில் அது 25ஆம் நாள்.

கணக்கு சரி, ஆனால் அப்படி ஒன்று உலகத்தில் இல்லை

பெற்றோர் 2 பேர். ஐயா (தாத்தா) இரண்டு பேர், அப்பத்தா, ஆயா என்று 4 பேர். அதற்கு மேல் 8. 30 தலைமுறை மேலே போனால் 2³⁰, 107 கோடிப் பேர். தலைமுறைக்கு 25 வருடம் வைத்தால் அது 750 வருடத்துக்கு முன்பு. அப்போது உலகத்திலேயே அவ்வளவு பேர் இல்லை. பெருக்கலில் பிழை இல்லை. 2^தடவை எண்ணுவது இடங்களை, ஆட்களை அல்ல. ஒரே ஆள் பல இடத்தில் வந்து நிற்கலாம் என்பதை வாய்பாடு அறியாது. ஊரணி நிரம்பிய மறுநாள் ஆகாயத்தாமரை இரட்டிக்க முடியாது என்பதையும் அது அறியாது. அத்தை மகனை மாமன் மகள் கட்டிய வீட்டில் பிறந்த பிள்ளைக்குக் கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பாட்டி என்று 8 இடம் இருக்கும், ஆட்கள் 6 பேர்தான்.